நொண்டல் நின்றாலும் தசைநார் ஆறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் கொடைகளையும் ஊர்த் திருவிழாக்களையும் ஒட்டித் தென்மாவட்டங்களில் நடைபெறும் குதிரை வண்டிப் பந்தயங்களின் செய்திகளைத் தங்கள் நாளிதழில் விரும்பிப் படிப்பவர்களில் நானும் ஒருவன். வென்ற குதிரையின் படம் வருகிறது. பயிற்சியிலோ பந்தயத்திலோ கால் தசைநார் கிழிந்து கொட்டிலில் நிற்கும் குதிரையைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அப்படிப்பட்ட குதிரைக்கு மருத்துவர் வந்து பார்த்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டிவிட்டுப் போன பிறகு அதை எப்போது, எந்தத் தரையில், எத்தனை நிமிடம் நடத்த வேண்டும் என்பதை வீட்டுக்காரரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம். ஆறிவந்த கால் மறுபடியும் அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே சதை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவும் இல்லை. எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும், எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார்களும், அவற்றின் மேல் தோலும்தான் இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பின் பின்புறத்தில், அதன் மேல்முனையில் தொடங்கி இறங்கிவரும் ஒரு தடித்த தசைநார், கீழே இரு கிளைகளாகப் பிரிந்து கணுக்காலின் பின்னாலுள்ள இரு சிறு எலும்புகளில் போய்ச் சேர்கிறது. குதிரை பாய்ந்தோடும்போது கணுக்கால் ஏறக்குறைய தரையைத் தொடுமளவுக்குத் தாழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அது மேலும் தாழ்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு இந்தத் தசைநாருடையது. இது கிழிந்தால் முதலில் நிரம்பும் புதிய இழைகள் ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக, பழைய இழைகளின் வலிமையில்லாமல் உருவாகின்றன. அளவான பாரம் நாள்தோறும் விழ விழத்தான் அவை இழுவிசையின் திசையில் ஒழுங்காக அமைந்து வலுப்பெறும். வீக்கமும் வலியும் சில வாரங்களில் வடிந்துவிடும். ஆனால் கடுமையான காயமாக இருந்தால் முழு உழைப்புக்குத் திரும்ப 9 முதல் 12 மாதங்கள் வரை ஆகும். நொண்டல் நின்றுவிட்டது என்று குதிரையை வண்டியில் பூட்டுபவர், அரைகுறையாக ஒட்டிய நாரின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றுகிறார்.

அதற்காக மாதக்கணக்கில் கொட்டிலிலேயே கட்டிப்போடுவதும் சரியன்று. அசைவே இல்லாத காலில் புதிய இழைகள் ஒழுங்குபடுவதில்லை. பாரம் முழுவதையும் தாங்கி நிற்கும் மற்றக் காலும் கெட்டுப்போகும். முதல் சில வாரங்கள் ஓய்வுக்குப் பின், கையில் பிடித்தபடி ஒரு வேளைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு இரு வேளை நடத்துவதில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் போலக் கூட்டிக்கொண்டே போவதுதான் பொதுவாக மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வழி. ஒரு வேளைக்கு 30, 40 நிமிட நடையைக் குதிரை தொல்லையில்லாமல் தாங்கி, ஸ்கேன் பரிசோதனையிலும் நார் கூடிவந்திருப்பது தெரிந்த பிறகே, நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட வேகமான துள்ளுநடையைச் சில நிமிடங்கள் சேர்க்கலாம். அதற்கே மூன்று, நான்கு மாதங்கள் ஆகிவிடும். பாய்ச்சல் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். காயம் எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு நீளுமே தவிர, பந்தயத் தேதியைப் பொறுத்துச் சுருங்காது.

தரையைப் பற்றி நம் பகுதியில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திசையன்விளை, குட்டம் பக்கத்திலும், பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த குதிரைமொழித் தேரியிலும் செம்மணல் கால் புதையும் அளவுக்கு இருக்கிறது. மெத்தென்று இருப்பதால் காயம்பட்ட காலுக்கு மணல் நல்லது என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. நலமான குதிரைக்கு மணலில் நடப்பது நல்ல உழைப்பாக இருக்கலாம். தசைநார் கிழிந்த குதிரைக்கோ அதைவிடக் கெடுதலான தரை வேறில்லை. குளம்பு உள்ளே இறங்குவதாலும், ஒவ்வொரு அடியையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருப்பதாலும் நாரின் மீது இழுப்பு கூடுகிறது. ஆற்றங்கரையிலும் இதே எச்சரிக்கை தேவை. காயம்பட்ட முதல் நாட்களில் ஒரு வேளைக்கு 15, 20 நிமிடம் காலில் குளிர்ந்த நீர் ஊற்றுவதோ, தாமிரபரணியில் கரையோரம் சமமான இடத்தில் நிறுத்தி வைப்பதோ வீக்கத்தைத் தணிக்கும். அதே ஆற்றின் கூழாங்கல் படுகையில் நடத்தினால் கால் சறுக்கிப் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். கெட்டியான, சமமான, நேரான மண்பாதையே உத்தமம். அது கிடைக்காதபோது வாகனம் ஓடாத தார்ச்சாலையில் மெதுவாக நடத்துவதில் தவறில்லை. துள்ளுநடை தொடங்கிய பின் தார்ச்சாலையைத் தவிர்த்துவிட வேண்டும்.

நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக ஓட்டும் வழக்கத்தை இந்தக் காலத்தில் முற்றாக நிறுத்திவிட வேண்டும். வளைவில் பாரம் சமமாக விழுவதில்லை. சிறிய வட்டமானால் முறுக்கு இன்னும் கூடும். கொட்டிலில் நாள்கணக்கில் நின்ற குதிரை வெளியே வந்ததும் துள்ளும் என்பது வளர்ப்பவர் அனைவருக்கும் தெரியும். பேருந்தின் ஒலிப்பானுக்கோ தெருநாய்க்கோ மிரண்டு ஒருமுறை எகிறினால் இரண்டு மாத உழைப்பு வீணாகலாம். ஆகவே வெயிலும் நடமாட்டமும் ஏறுவதற்கு முன், விடியற்காலையில், குதிரைக்குப் பழகிய ஆளே கடிவாளம் போட்டுப் பிடிக்க, உடன் இன்னொருவரும் நடப்பது பாதுகாப்பானது. உழைப்பு இல்லாத நாட்களில் பந்தயக் காலத்தைப் போலக் கொள்ளும் தானியமும் அள்ளிப் போடக் கூடாது. கொழுப்பேறி முரடாவது ஒரு பக்கம் இருக்க, வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் அப்படித்தான் வருகின்றன. புல்லும் சோளத்தட்டையும் தாராளமாக இருக்கட்டும்.

ஒவ்வொரு நாள் காலையிலும் நடை தொடங்கும் முன் உள்ளங்கையால் இரு கால்களையும் தடவி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஈடான பரிசோதனை வீட்டில் வேறில்லை. நேற்று நிமிடத்தைக் கூட்டியிருந்து, இன்று காயப்பட்ட கால் சூடாகவோ பருத்தோ இருந்தால், நடையை நிறுத்தி மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முந்தைய அளவுக்கே திரும்பச் சொல்வார். கெட்டித் தரையில் நேராக நடத்தும்போது தலையையும் கவனிக்கலாம்: முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். வலிமருந்து கொடுத்த நாளில் இந்த அடையாளம் மறைந்துவிடும் என்பதால், மருந்தின் தெம்பில் நடப்பதைக் குணமென்று கொண்டு நிமிடத்தைக் கூட்டவே கூடாது. காலில் சூடு போடுவதையும், தோல் பொத்துப்போகும் எண்ணெய்களைத் தடவுவதையும் இன்னும் சிலர் மருத்துவம் என்று நம்புகிறார்கள். அவற்றால் தசைநார் ஆறுவதில்லை. வாயில்லாச் சீவனுக்கு வேதனைதான் மிச்சம்.

குளம்பையும் மறக்க முடியாது. முன்பகுதி நீண்டு வளர்ந்த குளம்பு, ஒவ்வொரு அடியிலும் பின்புற நார்களை அதிகமாக இழுக்கிறது. குதிரை ஓடவில்லையே, லாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது குளம்பைச் சீவி விட வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் காயல் துறைமுகம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழியே வாங்கிய குதிரைகள், லாடக்காரரும் பேணத் தெரிந்தவரும் இல்லாமல் ஆண்டுதோறும் மடிந்ததாகச் சொல்லியிருக்கிறார். நல்ல லாடக்காரரைத் தேடி அலைய வேண்டிய நிலை இன்றும் இங்கே மாறியபாடில்லை என்பதுதான் வருத்தம்.

நோயாலோ காயத்தாலோ தகுதியிழந்த விலங்கை வேலைக்குப் பயன்படுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் வழக்குக்குப் பயந்து நடக்கும் காரியமாக இது இருக்க வேண்டியதில்லை. தசைநார்க் காயத்துக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர்கள், மருந்துச் சீட்டுடன், எந்த வாரம் எத்தனை நிமிடம், எந்தத் தரை, அடுத்த ஸ்கேன் எப்போது என்று நடைப்பயிற்சியையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, மாதத்தில் ஒரு நாளைக் குதிரைகளின் கால் பரிசோதனைக்கென ஒதுக்கி முன்கூட்டியே அறிவித்தால், தொலைவிலிருந்து வருபவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் குதிரைகளை ஏற்றிவர முடியும். பந்தயம் நடத்தும் விழாக் குழுவினர், பெயர் பதியும்போதே ஒவ்வொரு குதிரையையும் கெட்டித் தரையில் நேராக நடத்திப் பார்த்து, தலை ஆட்டத்தில் சிறு ஐயம் தோன்றினாலும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் களத்தில் இறக்காமலிருக்க வேண்டுகிறேன். வரும் கொடைக் காலத்துக்குள் இவற்றில் ஒன்றையாவது தொடங்கிவைக்கத் தங்கள் நாளிதழ் துணைநிற்க வேண்டும்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர்,
பாளையங்கோட்டை.