மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு,

வெள்ளம் வடிந்ததும் உதவி என்று பழைய துணி மூட்டைகள் குவிந்துவிடும்; பக்கத்து வீட்டு மெயின் சுவிட்சைத்தான் யாரும் கவனிப்பதில்லை. தண்ணீரில் நின்றபடி அதைத் தொடவே கூடாது. வயரிங் காய்ந்து, எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மின்சாரம். ஜெனரேட்டரை வராந்தாவில்கூட வைக்காதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

தனியாக இருக்கும் முதியவரிடம் ‘ஏதாவது வேணுமா?’ என்றால் ‘ஒண்ணும் வேண்டாம்ப்பா’ என்றுதான் பதில் வரும். மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: எத்தனை நாளைக்கு இருக்கிறது, அட்டைக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா? இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜ் எத்தனை மணி நேரம் ஓடாமல் இருந்தது?

வயிற்றுப்போக்கு என்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடிக்கக் கொடுங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

- ஒரு வாசகர்