65-ஐ நெருங்குவோருக்கு அக்டோபர் மேசை போதாது: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். தீபாவளி விழா நடக்கும் மண்டப வாசலில் மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) முகவர்கள் மேசை போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கும். அந்தக் கெடு ஏற்கெனவே மெடிகேரில் இருப்பவர்கள் பிளான் மாற்றிக்கொள்வதற்கானது. புதிதாகச் சேர்பவரின் கெடு அவர் பிறந்த மாதத்தை வைத்து வருகிறது. மார்ச்சில் 65 முடிகிறவருக்கு முந்தைய டிசம்பரில் கதவு திறந்து ஜூன் கடைசியில் மூடிவிடும். அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்துவிட்டால் தொல்லைதான். ஆகவே, 64 வயதைத் தொட்ட உறுப்பினர்களுக்கு, முகவர்கள் இல்லாத தனிக் கூட்டம் ஒன்றை ஆண்டுக்கு இருமுறை நடத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அதில் முதலில் சொல்ல வேண்டியது, யாரும் வீடு தேடி வந்து பதிவுசெய்ய மாட்டார்கள் என்பது. 65-க்கு நான்கு மாதம் முன்பிருந்தே சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு மட்டுமே அட்டை தானாக வரும். 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67 என்பதால், நம்மவர்களில் பலர் 65-ல் அதை வாங்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். அவர்கள் சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் தாமே விண்ணப்பிக்க வேண்டும். பிறந்த மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்தால் அந்த மாதம் முதல் தேதியே காப்பீடு தொடங்கும். அதற்குப் பிறகென்றால் விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த முதல் தேதிதான். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் 1 என்று எழுதிவிட்ட தலைமுறை இது. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு எல்லாமே ஒரு மாதம் முன்னதாக நகரும். ஜூன் 1 காரருக்கு மே 1-லேயே மெடிகேர் தொடங்குகிறது.

வேலையில் தொடர்பவர்கள் விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தாமோ கணவன் அல்லது மனைவியோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்து, அதன் குழுக் காப்பீடும் இருந்தால் மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம், அபராதம் இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறிய கன்சல்டிங் கம்பெனி என்றால் மெடிகேர்தான் முதலில் பணம் கட்ட வேண்டும். பார்ட் பி எடுக்காதவரின் பில்லைக் கம்பெனிக் காப்பீடு திருப்பி அனுப்பிவிடலாம். “இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, கவலை வேண்டாம்” என்று எச்ஆரில் சொன்னால், ஊழியர் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்.

வேலையோ குழுக் காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ அன்றிலிருந்து பார்ட் பி-யில் சேர எட்டு மாதம் அவகாசம். வேலை முடிந்த பிறகு பழைய குழுக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரும் கோப்ரா இந்தக் கணக்கில் சேராது. கோப்ரா பொதுவாக 18 மாதம் ஓடும், கையில் காப்பீட்டு அட்டை இருப்பதால் நிம்மதியாக இருப்பார்கள், எட்டு மாதம் அதற்குள்ளேயே கரைந்துபோகும். பிறகு ஜனவரி முதல் மார்ச் வரையிலான பொதுப் பதிவுக் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். முழுதாகத் தவறிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீத அபராதம், ஆயுள் முழுக்க. 2026-ல் பார்ட் பி மாதக் கட்டணம் 202.90 டாலர், இரண்டு ஆண்டு தவறினால் மாதம் 40 டாலருக்கு மேல் கூடுதல். மருந்துக்கான பார்ட் டி-க்கு எட்டு மாதம் கிடையாது. மெடிகேர் ஏற்கும் தரத்தில் மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் போனாலே அபராதம் சேரும்.

வேலையை விடுகிறவர் நிரப்ப வேண்டியவை சிஎம்எஸ்-40பி, சிஎம்எஸ்-எல்564 என்ற இரண்டு படிவங்கள். பின்னதில் நிறுவனம் கையெழுத்திட வேண்டும், அதைக் கடைசி நாளுக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. கம்பெனி மூடிப்போயிருந்தால் டபிள்யூ-2 வரிப் படிவம், சம்பளச் சீட்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றைச் சான்றாகக் கொடுக்கலாம். எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: 65 தாண்டிப் பதிவுசெய்தால், மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டு வரும். அந்த மாதங்களில் எச்எஸ்ஏ-வில் பணம் போட்டிருந்தால் வரிச் சிக்கல் வரும்.

அடுத்தது பெற்றோர். கிரீன் கார்டில் வந்த 65 தாண்டிய அப்பா அம்மாவுக்கு, இங்கே தொடர்ந்து ஐந்தாண்டு வசித்த பிறகே மெடிகேரை விலைக்கு வாங்கும் தகுதி வருகிறது. அவர்களுடைய ஏழு மாதக் கெடு அந்தத் தகுதி வரும் மாதத்தை வைத்தே வரும். பிள்ளை எத்தனை ஆண்டு வரி கட்டியிருந்தாலும் பெற்றோர் கணக்கில் அது ஏறாது. இந்தியாவோடு சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இல்லாததால் அங்கே பார்த்த வேலையும் ஏறாது. வேலைக் கணக்கே இல்லாதவருக்கு 2026-ல் பார்ட் ஏ 565 டாலர், பி-யும் சேர்த்தால் ஆளுக்கு மாதம் 767.90. அது கட்டுப்படியாகாதவர்கள் பார்ட் பி மட்டும் வாங்கலாம், ஆனால் மெடிகேர் விட்டுவைக்கும் செலவுக்கான துணைக் காப்பீடான மெடிகாப், மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும் அட்வான்டேஜ் பிளான் இரண்டுக்கும் ஏ-யும் வேண்டும். ஊருக்குப் போய் நீண்ட காலம் தங்கினால் ஐந்தாண்டுத் தொடர்ச்சி பற்றிக் கேள்வி எழும் என்பதால் பயணத் தேதிகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கிரீன் கார்டையோ இந்தியப் பிறப்புச் சான்றையோ தபாலில் அனுப்பக் கூடாது. அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எச்-1பி வேலை விசாக்காரர்களுக்குச் சங்கடமான செய்தி ஒன்று உண்டு. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டப்படி, 40 காலாண்டு (பத்தாண்டு) மெடிகேர் வரி கட்டியிருந்தாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத விசாக்காரர்களுக்கு இனி மெடிகேர் இல்லை. வரி மட்டும் பிடித்தபடியே இருக்கும். 65-ஐ நெருங்குகிற இவர்கள் வேறு காப்பீட்டை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

முகவர் இல்லாத கூட்டம் ஏன் என்றால், மெடிகாப் வாங்க உடல்நிலை கேட்கப்படாத காலம் பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதம்தான். அட்வான்டேஜில் சேர்ந்து சில ஆண்டு கழித்து அரசின் மெடிகேருக்கே திரும்ப நினைத்தால், பெரும்பாலான மாநிலங்களில் சர்க்கரை நோயைக் காட்டி மெடிகாப்பை மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் விலக்கு. ஆண்டில் பாதிக்கு மேல் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவரை அட்வான்டேஜ் பிளான் நீக்கிவிடவும் கூடும். இலவசமாக டென்டல் தருகிறோம் என்று அழைக்கும் மேசையில் இதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்?

ஒவ்வொரு மாநிலத்திலும் ‘ஷிப்’ என்ற அரசு உதவித் திட்டத்தின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அதற்கு ‘ஹைகேப்’ என்று பெயர், புளோரிடாவில் ‘ஷைன்’. கட்டணம் இல்லை, எதையும் விற்கவும் மாட்டார்கள். அழைத்தால் கூட்டத்துக்கு வருவார்களா என்று உங்கள் மாநில அலுவலகத்தில் கேளுங்கள். தமிழில் விளக்க ஓர் ஆளும், பார்வையாளர்களுக்குப் படிவங்களின் நகலும், பிறந்த மாதத்தை வைத்துக் கெடுவைக் குறித்துக்கொள்ள ஒரு தாளும் இருந்தால் இரண்டு மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
மெடிகேர் பதிவுக்கு உதவிவரும் தமிழ்த் தன்னார்வலர்கள்