ஏரி ஆய்வு நிலையத்தின் பொதுச் சொற்பொழிவுகளோடு கள வகுப்புகளையும் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்
ஏரியைச் சுற்றி வாழும் பொதுமக்கள், ஆசிரியர்கள், மீனவர்கள்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
அரசு ஏரி ஆய்வு நிலையம்.

பொருள்: விடியற்காலையிலும் இரவிலும் கள வகுப்புகள் நடத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நிலையத்தின் அரங்கில் நடைபெறும் அறிவியல் சொற்பொழிவுகளை நாங்கள் தொடர்ந்து கேட்டு வருகிறோம். ஏரியில் பாசி பெருகுவதற்கும் மீன்கள் செத்து மிதப்பதற்குமான காரணங்களை ஆய்வாளர்கள் எங்களுக்குப் புரியும்படி பொறுமையாக விளக்குகிறார்கள். அதற்கு முதற்கண் எங்கள் நன்றி. ஆனால், சொற்பொழிவுகள் அலுவலக நேரத்திலேயே தொடங்கி முடிந்துவிடுவதால், அங்கே விளக்கப்படுபவை ஏரியில் நிகழும் வேளையில் கரையில் நின்று பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைப்பதில்லை.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளலாம். பகலில் பாசிகளும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவெல்லாம் அவையும் பிற உயிர்களும் அதைச் சுவாசித்துவிடுவதால், பொழுது விடியும் தறுவாயில்தான் அதன் அளவு மிகவும் குறைந்திருக்கும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறுவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். அப்போது மொண்ட நீரையும் பிற்பகலில் மொண்ட நீரையும் கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள்களால் அளக்க 1888இல் வேதியியலாளர் விங்க்ளர் வகுத்த முறைப்படி அடுத்தடுத்துச் சோதித்தால், ஆக்சிஜன் மிகுந்த குப்பியில் அடர்ந்த பழுப்புப் படிவும் குறைந்த குப்பியில் வெளிறிய படிவும் இறங்குவதைப் பள்ளி மாணவர்கூடக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். அதுபோலவே, பகலில் ஆழத்தில் தங்கும் நீர்த்தெள்ளுகள் என்னும் மிகச் சிறிய நீர்வாழ் உயிர்கள் பல ஏரிகளில் இருட்டிய பிறகே மேலே வருகின்றன. பகல் வகுப்பில் அவை வலைக்கு அகப்படுவது அரிது.

கண்ணால் காண்பதன் வலிமைக்குக் கனடாவில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட 226ஆம் எண் ஏரி நல்ல சான்று. 1973இல் அந்த ஏரியை ஒரு திரையால் இரண்டாகப் பிரித்து, இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்து, ஒருபுறம் மட்டும் பாஸ்பரஸையும் கூட்டினார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பகுதி மட்டும் பாசி பெருகிப் பச்சையாக மாறியதைக் காட்டிய புகைப்படம், சலவைத்தூளில் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரும் துணையாயிற்று.

ஆகவே, ஒவ்வொரு சொற்பொழிவையும் அடுத்து, அதன் பொருளுக்கேற்ப விடியலுக்கு முன்போ இருட்டிய பின்போ ஒரு கள வகுப்பு நடத்த ஆணையிடுமாறு வேண்டுகிறோம். சிறு குழுக்களாகவே வருவோம். படகில் ஏறுவோர் அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிவோம். வேதிப்பொருள்களை நிலையப் பணியாளர்களே கையாளட்டும். ஏரியின் நீரோட்டத்தையும் ஆழத்தையும் நன்கறிந்த மீனவர்கள் உடன்வர முன்வந்துள்ளனர்.

மேலும், 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வெள்ளை செக்கி வட்டை, நீரின் தெளிவை அளக்க, கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பது எளிய வேலை. உரிய பயிற்சிக்குப் பின் நாங்கள் எடுக்கும் அளவுகளை, நிலையம் சரிபார்த்துத் தனது பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. ஏரியின் தெளிவு ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்பதை அறிய இடைவிடாத பதிவு தேவை. அந்த உழைப்பைத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் முடிவையும், கள வகுப்புகளுக்குப் பொறுப்பேற்கும் அலுவலர் யார் என்பதையும் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைப் பொதுமக்கள்