எவர்சில்வர் டம்ளர் வரைந்த மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆயில் பெயிண்டிங்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளர், இரண்டு கொய்யா, தோல் உரிந்த ஒரு வெங்காயம். சொந்தக்காரர்கள் எல்லாரும் "போட்டோ மாதிரியே இருக்கு" என்று போட்டிருக்கிறார்கள். உண்மைதான். எனக்கு உறுத்துவதும் அதுதான்.

டம்ளரைப் பார். சாம்பல் அடித்து, ஓரத்தில் கறுப்பு இழுத்து, நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. எவர்சில்வருக்குச் சொந்த நிறம் ஏது? அக்கம்பக்கத்து நிறத்தை வாங்கித்தானே அது பிழைக்கிறது! ஒட்டினாற்போலக் கொய்யா இருந்தும் டம்ளரில் பொட்டுப் பச்சை இல்லை. நீ பார்த்து வரைந்த மொபைல் போட்டோ அதை வெளுத்துவிட்டது, நீயும் அதை அப்படியே நம்பிவிட்டாய்.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஷார்தான் என்ற பிரெஞ்சு ஓவியர் 1768 வாக்கில் வரைந்த சின்னப் படம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக் கோப்பை, மூன்று ஆப்பிள், ஸ்பூன் போட்ட கிண்ணம். இணையத்தில் பெரிய அளவிலேயே கிடைக்கும். கோப்பையின் வயிற்றில் மங்கலாகச் சிவப்புத் தீற்றல்கள் தெரிகின்றனவா? பக்கத்து ஆப்பிள்கள்தான் அவை. உருவமாக ஒன்றும் இல்லை, வெறும் தீற்றல். அதைத் துடைத்துவிட்டால் வெள்ளி தகரமாகிவிடும். மீதிப் பரப்பில் பெரும்பகுதி இருட்டுதான். வெள்ளைக்கு அவர் கொடுத்த இடம் மிகக் கொஞ்சம்.

இந்த மனுஷர் தச்சர் மகன். அப்பா அரசருக்கு பில்லியர்ட்ஸ் மேசை செய்து கொடுத்தவர். அந்தக் காலத்து பிரெஞ்சு ஓவிய அகாதெமியில் புராணம், சரித்திரம் வரைபவர்களுக்குத்தான் முதல் வரிசை. சட்டி பானை வரைபவனுக்குக் கடைசி. ஆனாலும் 1728இல், குடல் தெரியத் தொங்கும் திருக்கை மீனையும், சிப்பிகள் மேல் முதுகைத் தூக்கி நிற்கும் பூனையையும் வரைந்து காட்டி உள்ளே போய்விட்டார். அப்புறம் அங்கேயே பொருளாளர் ஆனார் என்பது தனிக்கதை.

பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ 1763இல் அவரைப் பற்றி எழுதியதில் ஒன்று உனக்கு உதவும்: கிட்டே போனால் எல்லாம் குழம்பித் தட்டையாகி மறைந்துவிடுகிறது, தள்ளி நின்றால் மறுபடி உருவாகிறது என்கிறார். உன் படத்தில் இது நடக்கவில்லை. கொய்யாவின் புள்ளி, வெங்காயத் தோலின் நரம்பு, மேசையின் கீறல் எல்லாமே ஒரே கூர்மையில் நிற்கின்றன. பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும், ஆனால் எங்கே பார்ப்பது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதனால் அடுத்த படத்துக்கு போட்டோ எடுக்காதே. ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் அதே டம்ளரை வை. டியூப்லைட்டை அணைத்துவிடு. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எது எதைவிட இருட்டு என்பதை மட்டும் முதலில் போடு. ஹைலைட், அதாவது அந்த வெள்ளைப் பளபளப்பு, கடைசி நாளுக்கு இருக்கட்டும். வெயில் நகர்ந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மறுநாள் அதே நேரத்தில் உட்கார்.

டம்ளர் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று உன் அப்பா கேட்பார். ஷார்தானின் காட்டு ஸ்ட்ராபெர்ரிக் கூடை 2022இல் பாரிஸ் ஏலத்தில் இரண்டு கோடி யூரோவுக்கு மேல் போனது என்று சொல். வரைந்தவர் 1779இலேயே இறந்துவிட்டார் என்பதை மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
மாமா