ஹார்ட்னரைக் கூட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவினைப் பகுதியில் எபாக்சி ரெசின் (ஹார்ட்னர் என்ற இறுக்கியைக் கலந்தால் கெட்டியாகும் திரவப் பிசின்) வார்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றலாம் என்ற யோசனையைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. மின்கருவிகளுக்கு எபாக்சி வார்க்கும் பிரிவில் காலம் கழித்தவன் நான். இந்த யோசனையால் குப்பைக்குப் போன வார்ப்புகள் கொஞ்சநஞ்சமல்ல.

இது பாலியஸ்டர் ரெசினில் பழகிய கை. அதில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு வினையூக்கி விடுவது வினையைத் தூண்ட மட்டுமே. கூட்டினால் வேகம் கூடும். எபாக்சியில் ஹார்ட்னரும் இறுகிய பொருளின் அங்கமாகிவிடுகிறது. ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருளில் நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் ரெசினில் உள்ள ஓர் எபாக்சி வளையத்தோடு பிணைய வேண்டும். இணை கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கி, வார்ப்பின் வலுவைக் கெடுக்கும். டப்பாவில் கொள்ளளவுக் கணக்கில் 2:1 என்று போட்டிருப்பதைத் தராசில் நிறுத்தாலும் இதே கதிதான். ஹார்ட்னர் பெரும்பாலும் ரெசினைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன் பங்கு கூடிவிடும்.

பெரிய வில்லன் வெப்பம். இறுகும்போதே எபாக்சி சூடாகும். 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த வேகம் மேலும் சூட்டைக் கிளப்பும். மெல்லிய பூச்சில் சூடு வெளியேறிவிடும், தடித்த வார்ப்பில் வழியில்லை. அப்படிக் கெட்ட ஒரு கட்டியை அறுத்துப் பார்த்தால் ஓரம் தெளிவாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். சூட்டில் இறுகிய நடுப்பகுதி ஆறும்போது சுருங்கப் பார்க்கும்; ஏற்கெனவே இறுகிய ஓரம் விட்டுக்கொடுக்காது. விரிசல் விழும். அவசரப்படாமல் அடுக்கடுக்காக ஊற்றுவதுதான் வழி.

மேலே படியும் வெண்படலத்துக்கு மட்டமான ரெசின்தான் காரணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாவம், ரெசின்! விரலால் தொட்டால் மெழுகாய் வழுக்கும் அந்தப் படலம், காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் அமீனோடு சேர்ந்து உண்டாவது. குளிரும் ஈரப்பதமும் சேர்ந்த நாளில் அதிகம் வரும். தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படலம் பரவி, அடுத்த பூச்சு ஒட்டாது.

குமிழிகளைப் பற்றிச் சொன்னது சரியே. மரத்தின் மீது பூசுவோருக்கு ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்: மரம் சூடேறும் வேளையில் பூசினால் அதன் துளைகளில் உள்ள காற்று விரிந்து குமிழியாக மேலே வரும். வெயில் தாழ்ந்து மரம் ஆறத் தொடங்கியபின் பூசுவது நல்லது.

ஹார்ட்னர் பற்றிய வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். கலவை நிறைந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனால் அது புகையக்கூடும் என்பதையும் அதனுடன் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ப்புப் பிரிவு மேற்பார்வையாளர்