கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்தாதே

அன்புள்ள தம்பி,

கத்தாரிலிருந்து நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்பாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தேன். வலது சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் கல். அடைப்பு இல்லை, வீக்கம் இல்லை. இதற்குப் பயப்படாதே. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிப் போய்விடும். அதோடு நீ எழுதியிருந்த சாப்பாட்டுக் கணக்குதான் எனக்குச் சரியாகப் படவில்லை. பால் இல்லை, தயிர் இல்லை, தக்காளி தொடுவதில்லை, காலையில் வாழைத்தண்டுச் சாறு. ரூமில் இருக்கிற அண்ணன் சொன்னாராம். அந்த அண்ணன் நல்லவராக இருக்கலாம், ஆனால் என்னைப்போல் லேபில் வேலை பார்த்தவர் இல்லையே.

முதலில் பாலையும் தயிரையும் திரும்ப ஆரம்பி. நம்மவர்களுக்கு வருகிற கல்லில் பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட். பெயரில் கால்சியம் இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் பாலை ஒதுக்குகிறார்கள். சாப்பாட்டோடு போகிற கால்சியம், கீரையிலும் கொட்டைகளிலும் இருந்து வருகிற ஆக்சலேட் என்கிற உப்பைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். பாலை நிறுத்தினால் பிடிக்க ஆள் இல்லாமல் ஆக்சலேட் இரத்தத்துக்குள் ஏறிச் சிறுநீரில் வந்து சேரும். நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் உணவிலிருந்து உனக்கு வேண்டும். உங்கள் மெஸ்ஸில் போடுகிற பாலக் பனீரையே எடுத்துக்கொள். பாலக்கில் ஆக்சலேட் மிக அதிகம், தனியாகத் தினமும் சாப்பிட்டால் வேண்டாம் என்பேன். பனீரோடு சேர்ந்து வரும்போது பாதிக் குற்றம் அங்கேயே கழிந்துவிடுகிறது.

தக்காளி பாவம். அதன் விதைதான் கல்லாகிறது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அதில் ஆக்சலேட் குறைவுதான். ரசம் வைத்துக் குடி. சாயங்காலம் நீ கை நிறைய அள்ளித் தின்கிற பாதாமும் முந்திரியும்தான் குறைக்க வேண்டியவை. அப்புறம், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை சளிக்கு நல்லது என்று குடிக்கிறாயே, அதை விடு. அவ்வளவு வைட்டமின் சி உள்ளே போனால் உடம்பு ஒரு பங்கை ஆக்சலேட்டாகத்தான் மாற்றும். எலுமிச்சம்பழம் வேறு கணக்கு. அதில் வைட்டமின் சி கொஞ்சம்தான், சிட்ரேட் நிறைய. சிறுநீரில் சிட்ரேட் இருந்தால் கல் உருவாவது தடைபடும். தினம் இரண்டு பழம் பிழிந்து குடி. உப்புப் போடாதே, சர்க்கரை பேருக்குப் போடு.

வாழைத்தண்டைக் குறை சொன்னால் உன் ஆச்சி என்னிடம் சண்டைக்கு வருவாள். பொரியலாகவோ மோரில் போட்ட பச்சடியாகவோ தாராளமாகச் சாப்பிடு. கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கிற சாறு என்று மட்டும் எதையும் நம்பாதே. கரைகிற கல் யூரிக் அமிலக் கல். அதையும் டாக்டர் மாத்திரை கொடுத்துச் சிறுநீரின் புளிப்பை மாற்றித்தான் கரைப்பார். உங்கள் கேம்ப்பில் மலையாளிகள் இருப்பார்கள், யாராவது கொழுப்புக்கு நல்லது என்று இரும்பன்புளி என்கிற புளிப்புக் காயின் சாறு தந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. கேரளத்தில் அதைக் குடம் குடமாகக் குடித்து, ஆக்சலேட் படிந்து சிறுநீரகமே நின்றுபோய் வந்தவர்களைப் பற்றி மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது நீ மழுப்பின விஷயத்துக்கு வருகிறேன். சைட்டில் டாய்லெட் தூரம், அதனால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று போகிற போக்கில் சொன்னாய். கல்லுக்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம், ஐயா. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்றரை வரை கத்தாரில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட சூட்டில் மிச்ச நேரமும் உடம்பு நீரை வேர்வையாகத்தான் கொட்டும், சிறுநீரகத்துக்குக் கிடைப்பது வண்டல். மத்திய அமெரிக்காவில், எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும், கரும்பு வெட்டுகிற இளைஞர்கள் சர்க்கரை நோயும் இல்லாமல் இரத்த அழுத்தமும் இல்லாமல் சிறுநீரகம் இழந்தார்கள். வெயிலில் கடும் உழைப்பு, திரும்பத் திரும்ப உடம்பு வறண்டுபோவது இரண்டும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் அங்கே நிழலும் தண்ணீரும் ஓய்வும் கொடுக்கும் ஏற்பாடே கொண்டுவந்தார்கள்.

எவ்வளவு குடித்தாய் என்று நான் கேட்க மாட்டேன், எவ்வளவு போனாய் என்றுதான் கேட்பேன். கல் வந்தவருக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். வெயிலில் நிற்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் ஊற்றாதே, அதுவும் உடம்பின் சோடியத்தைக் குறைத்துவிடும். வேர்வை ஆறாய் ஓடிக் காலில் தசைப்பிடிப்பு வந்தால் அன்றைக்கு ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம். மற்ற நாளில் உப்பைக் கூட்டாதே. உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியமும் ஏறும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன் கூட இல்லை. நான் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயும் கருவாடும் அதில் சேர்த்தி. ராத்திரி நூடுல்ஸ் கிண்டும்போது அந்த மசாலாப் பொட்டலத்தைப் பாதி போடு.

இனி ஒவ்வொரு தடவையும் போகும்போது கீழே பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்று. வெளிறிய மஞ்சள் இருந்தால் சரி. தேன் நிறமானால் குடித்தது போதவில்லை. பி-காம்ப்ளெக்ஸ் போட்டால் பளீரென்று மஞ்சளாகும், பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவக்கும், அதற்கு அலறாதே. எதுவுமே சாப்பிடாமல் சிவப்பாகவோ கோலா நிறத்திலோ வந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் போ. வலியில்லாத இரத்தத்தைத்தான் ஆண்கள் அலட்சியம் செய்கிறார்கள். நுரை இருக்கிறதா பார். எழுந்தவுடன் வேகமாகப் போகும்போது வருகிற நுரை சட்டென்று அடங்கும். நாள்தோறும் வந்து அடங்காமல் நிற்கிற நுரை என்றால் புரதம் ஒழுகுகிறதோ என்று பார்க்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிறுநீர் விட்ட டெஸ்ட் டியூபை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். புரதம் இருந்தால் வெள்ளையாகத் திரளும். சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நிற்கும். இப்போது ஒரு டெஸ்ட் பட்டையைச் சிறுநீரில் நனைத்தாலே எல்லாம் தெரிந்துவிடுகிறது.

எரிச்சல் வந்தால் ‘சூடு பிடித்துவிட்டது’ என்று தொப்புளில் எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்காதே. உன் வயது ஆணுக்குச் சிறுநீர்த் தொற்று சாதாரணமாக வருவதில்லை, வந்தால் என்ன கிருமி என்று பார்க்கிற கல்ச்சர் டெஸ்டுக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டுத்தான் ஆன்டிபயாடிக் தொட வேண்டும். விலாவில் வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால், அல்லது சிறுநீரே வராவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போ.

இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு அடுத்த நாள் அதே வெயிலில் போய் நிற்கிறாயாமே. உன் அத்தானிடம் சொல்லிவிட்டாய், என்னிடம் சொல்லவில்லை. வறண்ட உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். டாக்டர் சொன்னால் சொன்ன நாளுக்கு மட்டும் போடு. டப்பாவாக வாங்கி வைக்காதே.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உனக்கும் வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டும். சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் நார்மல் என்று ஒரு தாளைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்த முடியாது. சிறுநீரகத்தின் வேலை பாதிக்குப் பாதி போன பிறகும் அது நார்மலாகவே காட்டும். சிறுநீரில் ஒழுகுகிற புரதத்தைக் காட்டுகிற யூரின் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் கேள், கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்.

வெள்ளிக்கிழமை லீவுதானே, பக்கத்தில் திறந்திருக்கிற லேப் எது என்று வியாழனே விசாரித்து வை. காலை முதல் சிறுநீர். ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடி. பாட்டிலைக் காரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடு. ரிப்போர்ட் வந்ததும் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிற பழக்கம் உனக்கு உண்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைப் பின்பக்கத்தில்தான் போடுவார்கள். கடித உறையைத் திருப்பி வைத்ததுபோல் குறுக்குக் கோடு போட்ட படிகங்கள் தெரிந்தால் ‘கால்சியம் ஆக்சலேட்’ என்று எழுதியிருப்பார்கள். இரண்டு பக்கத்தையும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா