பூசாத சுவர் பாதி வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லண்டன் விலங்குக்காட்சி சாலையின் யானைக் கொட்டகையையும் பெர்லினில் உள்ள விலங்கு ஆய்வுக்கூடத்தையும் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூச்சு வேலையைக்கூட முடிக்காமல் விட்ட கட்டடங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் வார்க்கப் பலகையால் அச்சு அடிக்கிற வேலை, பார்த்தவன் நான். அந்த வரியைச் சும்மா விட மனசு வரவில்லை.

பூசப்போகிற கான்கிரீட் சுவர் என்றால் எங்களுக்குக் கவலையே கிடையாது. பலகை இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகினாலும், கலவையை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் சரியாக ஓடாமல் ஜல்லி தெரிந்தாலும், பூச்சுக்காரர் வந்து மறைத்துவிடுவார். பூசாத சுவரில் அது நடக்காது. பலகையின் ரேகை, ஆணித் தலை, நேற்று கலவை நின்ற இடம் எல்லாம் அப்படியே பதிந்துவிடும். பூச்சுச் செலவு மிச்சம் என்று நினைப்பார்கள். அது பலகைக்கும் தச்சுக்கூலிக்குமே சரியாகப் போய்விடும்.

லண்டன் கட்டடத்தில் அதற்கும் மேலே ஒரு வேலை. 1960களில் ஹியூ காசனும் நெவில் காண்டரும் வடிவமைத்தது. சுவரைச் செங்குத்தான வரிவரியாக வார்த்து, அச்சைப் பிரித்தபின் அந்த வரிகளின் முகத்தைக் கையால் கொத்தி ஜல்லியை வெளியே காட்டியிருக்கிறார்கள். பூச்சு பிடிப்பதற்காக நாங்களும் தூணைக் கொத்துவோம். அது மறைந்துபோகிற கொத்து, ஏனோதானோவென்று கொத்தலாம். இது எல்லோர் கண்ணுக்கும் நேரே நிற்கிற கொத்து. ஒரு அடி ஓங்கி விழுந்தால் விளிம்பு பெயர்ந்துவிடும், ஒட்ட வைக்க முடியாது.

யானைத் தோல் மாதிரி இருக்கிறது என்று மெச்சுகிறார்கள். சரி, அதனால் யானைக்கு என்ன லாபம்? 2001இல் யானைகளை விசாலமான விப்ஸ்னேடு என்ற இன்னொரு விலங்குக்காட்சி சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குறை சொல்வதென்றால் நீங்கள் அதைச் சொல்லியிருக்கலாம்.

பெர்லின் கட்டடத்தில் பீரங்கி போல நீட்டிக்கொண்டிருக்கும் நீலக் குழாய்களும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, காற்றோட்டத்துக்கானவை. இடிக்கப் பார்த்த அந்தக் கட்டடத்தை 2023இல் பாதுகாக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அதற்காக இங்கே அப்படியே காப்பியடிக்கக் கூடாது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்தால் சுவர் காயவே காயாது, பாசி பிடித்துக் கறுத்துவிடும். சன்ஷேடை நன்றாக நீட்டி, அதன் அடியில் நீர் சொட்டுவதற்கு ஒரு சின்னப் பள்ளம் விட வேண்டும். நான் சென்ட்ரிங் அடித்த ஒரு அலுவலகக் கட்டடத்தில் இதைச் செய்யவில்லை. சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அப்புறம் பாசியை மறைக்க மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். இப்போது பெயிண்ட் உரிகிறது, பாசி அப்படியே இருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாலே போயிருக்கும்.

இன்னொன்று. அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால் தூரத்திலிருந்து எடுத்த படம் மட்டும் போதாது. சுவரை ஒரு முழ தூரத்தில் வைத்து எடுத்த படமும் ஒன்று போடுங்கள். என்னைப் போன்றவர்கள் வேலையைப் பார்க்க வேண்டாமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சென்ட்ரிங் மேஸ்திரி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.